இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்

ஏழு அங்குல நீளம், மூன்றரை அங்குல உயரம். தடித்த அட்டை ஒன்று. அதன்மேல் பக்கம் பக்கமாக ஒட்டிய இரண்டு பழுப்புப் படங்கள். இரண்டிலும் அதே பாறை, அதே பைன் மரம், அதே அருவி. மேசைமேல் கிடக்கும்போது பார்ப்பவர்கள், ஒரே படத்தை எதற்கு இரண்டு தடவை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த அட்டையை மரப்பிடி போட்ட ஒரு கருவியில் செருகிக் கண்ணருகே கொண்டுபோங்கள். பைன் மரம் முன்னே வந்து நிற்கும். பாறை பின்னுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். ஸ்டீரியோ அட்டை என்பது இதுதான். ரயில் ஏற வசதியில்லாத அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்தது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். இன்று அந்த அட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஒரு தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கென 1974இல் தொடங்கிய சங்கமும், அது நடத்தும் பத்திரிகையும் உண்டு.

அந்த இரண்டு படங்களும் ஒன்றல்ல என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் கருமணிகளுக்கு இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் தூரம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தால், பின்னாலிருக்கும் சுவரின்மேல் விரல் அங்குமிங்கும் தாவும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் கூடும். தள்ளிக் கொண்டுபோனால் குறையும். இந்தத் தாவலின் அளவை வைத்துத்தான் மூளை எது கிட்ட, எது எட்ட என்று கணக்குப் போடுகிறது. ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லென்ஸ் வைத்து இரண்டு படம் எடுத்து, இடப்படத்தை இடக்கண்ணுக்கும் வலப்படத்தை வலக்கண்ணுக்கும் மட்டும் காட்டினால் மூளை அதே கணக்கை அட்டையின்மேலும் போட்டுவிடும்.

இதை முதலில் நிறுவிக் காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரை, முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டைச் சாய்த்து வைத்த ஒரு கருவியை விவரித்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். ஆகவே வீட்ஸ்டன் கையில் இருந்தவை வெறும் கோட்டுச் சித்திரங்கள். கனசதுரத்தை இடக்கண் காணும்படி ஒன்று வரைந்தார், வலக்கண் காணும்படி இன்னொன்று. முப்பரிமாணப் படம் புகைப்படத்துக்கு அக்காள் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1849இல் கண்ணாடிகளை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துக் கருவியைச் சிறு பெட்டியாக்கினார். பாரிஸில் ஜூல் துபோஸ்க் அதைச் செய்து 1851 லண்டன் கண்காட்சிக்குக் கொண்டுவர, விக்டோரியா மகாராணிக்கு அது பிடித்துப்போனது. அப்புறம் விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்?

அமெரிக்காவில் இதை வீடுதோறும் கொண்டுபோனவர் ஒரு மருத்துவர். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஹார்வர்டில் உடற்கூறு கற்பித்தவர். கவிதையும் கட்டுரையும் எழுதியவர். 1859 ஜூனில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் இந்தப் படங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1861இல் தானே ஒரு எளிய கருவியைச் செய்தார். நெற்றியோடு பொருந்தும் ஒரு மறைப்பு, அதில் இரண்டு லென்ஸ், முன்னால் நீளும் ஒரு மரச்சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் குறுக்குக் கட்டை, கீழே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். அட்டையிலுள்ள இரண்டு படங்களின் மையங்களும் நம் கண்களைவிடச் சற்று அகலமாக விலகியிருக்கும். அதைச் சரிக்கட்ட லென்ஸின் ஓரப் பகுதியை, அதாவது பட்டகம் போல ஒளியைச் சாய்க்கும் பகுதியை, கண்ணுக்கு நேரே வைத்தார்கள். ஹோம்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பாஸ்டனில் ஜோசப் பேட்ஸ் அதை மெருகேற்றி விற்றார்; மற்றவர்களும் செய்து விற்றார்கள். மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிற வீட்டில் ஸ்டீரியோஸ்கோப் என்ற இந்தக் கருவியும் இருக்கும் என்ற அளவுக்குப் பரவியது.

படம் சிறியது என்பதால் கிடைத்த ஒரு லாபம் பெரியது. குவியத் தூரம் குறைந்த சின்ன லென்ஸ் போதும். தகட்டில் வெளிச்சம் செறிவாக விழும். நொடியின் ஒரு பங்கில் படம் பதிந்துவிடும். பெரிய கேமராக்கள் முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துச் சிலையாக நின்ற காலத்தில், 1859இல் நியூயார்க்கின் எட்வர்ட் ஆன்டனி நிறுவனம் பிராட்வே தெருவின் நெரிசலை, குதிரை வண்டியும் நடப்பவர்களுமாக, அப்படியே நிறுத்திக் காட்டியது. ஹோம்ஸ் அந்த அட்டைகளை வைத்து ஒரு வேலை செய்தார். உள்நாட்டுப் போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் பணி நடந்துகொண்டிருந்த நேரம். மனிதன் நடக்கும்போது குதிகால் எப்போது ஊன்றுகிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை நியூயார்க், பாரிஸ் தெருக் காட்சிகளில் இருந்த பாதசாரிகளின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆராய்ந்து 1863இல் கட்டுரையாக எழுதினார். ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்த நடை அதில் எங்கும் இல்லை. பொழுதுபோக்கு அட்டையிலிருந்து உடலியல் பிறந்த இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

படம் எடுப்பவரின் பாடு வேறு. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். மலை உச்சிக்குப் போனாலும் இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கோவேறு கழுதையின் முதுகில் கூடவே ஏறும். பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில், நெகட்டிவைச் சேர்த்து வைத்து வெயிலில் காட்டிப் பிரின்ட் எடுப்பார்கள். அந்தப் பழுப்பு நிறம் அங்கிருந்து வருவது.

அதோடு முடியவில்லை. கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுகிறது. தகட்டைத் திருப்பி நேராக்கும்போது இட லென்ஸ் எடுத்தது வலப்புறம் போய்விடும். அப்படியே அட்டையில் ஒட்டினால் முன்னிருப்பது பின்னுக்கும் பின்னிருப்பது முன்னுக்கும் மாறும்; மலை குழியும், வானம் மரத்துக்கு முன்னால் தொங்கும். எனவே ஒவ்வொரு பிரின்ட்டையும் நடுவில் வெட்டி இடம் மாற்றி ஒட்ட வேண்டும். சிலர் நெகட்டிவ் கண்ணாடியையே வெட்டி மாற்றிக்கொண்டார்கள். அவசரத்தில் மாற்ற மறந்த அட்டைகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கருவியில் வைத்துப் பார்க்காமல் வாங்குபவர் கையில்தான் அவை போய்ச் சேரும்.

இன்னொரு சிக்கல் தூரம். ஆறரை சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சில நூறு மீட்டருக்கு அப்பாலிருக்கும் மலைகளெல்லாம் ஒரே திரைச்சீலைதான். கைதேர்ந்தவர்கள் அதனால்தான் முன்னணியில் ஒரு பாறையையோ ஒடிந்த கிளையையோ தொப்பி வைத்த ஆளையோ நிறுத்தினார்கள். நயாகராவைக் காட்டும் அட்டைகளில் கரையோரக் கம்பி வேலியோ பனி மூடிய மரமோ இல்லாதவை தட்டையாகவே இருக்கும். நியூயார்க்கின் லூயிஸ் ரூதர்ஃபர்ட் இந்தத் தூரத்தையும் வென்றார். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டினாலும் மெல்லத் தலையசைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் ஒரு சாய்வில் ஒரு படம், பல நாள் கழித்து மறு சாய்வில் இன்னொரு படம் என எடுத்து, இரண்டையும் அட்டையில் சேர்த்தார். கருவியில் வைத்தால் நிலா உருண்டையாகத் திரண்டு நிற்கிறது. பூமியில் நிற்கும் எந்த மனிதக் கண்ணுக்கும் அப்படித் தெரியாது.

சேகரிப்பவரின் உண்மையான தலைவலி, படத்தை எடுத்தது யார் என்பது. அட்டையின் ஓரத்தில் பெயர் அச்சிட்டிருக்குமே என்பீர்கள். அச்சிட்டவர் எடுத்தவர் அல்ல என்பதுதான் இங்கே வழக்கம். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போய், 18க்கு 22 அங்குலப் பெருந்தகடுகளில் 30 படமும் சுமார் 100 இரட்டைப் படமும் எடுத்து வந்தார். அவை கிழக்கே போய்ப் பேசப்பட்டன. 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதில் இவற்றுக்கும் பங்குண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். வாட்கின்ஸ் கலையில் மன்னர், கணக்கில் மோசம். 1870களின் நடுவில் கடன் முற்றி, நெகட்டிவ்கள் முழுவதும் கைமாறின. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஐசையா டேபர் அவற்றிலிருந்து பிரின்ட் போட்டுத் தன் பெயரில் விற்றார். வாட்கின்ஸ் பழைய இடங்களுக்கே திரும்பப் போய் அதே காட்சிகளை மறுபடி எடுத்து, ‘புதிய வரிசை’ என்று பெயரிட்டு விற்றார். ஒரே பாறைக்கு இப்போது மூன்று அட்டை: வாட்கின்ஸ் எடுத்து வாட்கின்ஸ் விற்றது, வாட்கின்ஸ் எடுத்து டேபர் விற்றது, வாட்கின்ஸ் மறுபடி எடுத்தது. நிழலின் நீளம், புதிதாக விழுந்த மரம், நீர் குறைந்த அருவி ஆகியவற்றை வைத்துத்தான் இவற்றைப் பிரிக்க முடியும். 1906 ஏப்ரல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அவருடைய பிற்கால நெகட்டிவ்களும் அழிந்தன. அதனால் அட்டைகளாக ஊருக்குள் பரவிக் கிடப்பவையே பல காட்சிகளுக்கு மூலம்.

டேபரைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். ஆல்ஃபிரட் ஹார்ட் என்பவர் 1860களில் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை சியரா மலையைக் குடைந்து ஏறியதை 364 இரட்டைப் படங்களாக எண்ணிட்டு வெளியிட்டார். பாதையில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் முகம் தெரியும்படி இருப்பது அரிது. ஹார்ட்டின் அட்டைகளில் அவர்கள் வருகிறார்கள். சுரங்க வாயில் ஒன்றின் முன்னே தோளில் காவடிக் கம்பு போட்டுத் தேநீர் சுமந்து நிற்கும் ஒருவரைப் பார்க்கலாம். அந்த ஹார்ட்டின் நெகட்டிவ்கள் பின்னால் யார் கைக்குப் போயின தெரியுமா? வாட்கின்ஸ் கைக்கு. அவரும் தன் பெயரை அச்சிட்டுத்தான் விற்றார்.

உள்நாட்டுப் போர்க்கள அட்டைகளிலும் இதே கதைதான். 1862 செப்டம்பர் 17 ஆன்டீட்டம் சண்டை முடிந்த சில நாளில் அலெக்சாண்டர் கார்ட்னர் பிணங்கள் எடுக்கப்படுவதற்குள் போய்ப் படம் எடுத்தார். பெரும்பாலானவை இரட்டைத் தகடுகள். அக்டோபரில் நியூயார்க்கில் மேத்யூ பிரேடியின் கூடத்தில், பிரேடியின் பெயரில் அவை வைக்கப்பட்டன. ஹோம்ஸ் இந்தச் சண்டையில் காயம்பட்ட தன் மகனைத் தேடி அங்கே நேரில் போய் வந்தவர். பின்னால் அந்த அட்டைகளைக் கண்டபோது களத்தையே மறுபடி கண்டதுபோலாகி, அவற்றை அலமாரிக்குள் பிணத்தைப் புதைப்பதுபோலப் புதைத்துவிட்டதாக எழுதினார். ஆழம் காட்டும் கருவியை நாட்டுக்குக் கொடுத்தவருக்கே அந்த ஆழம் தாங்கவில்லை.

கார்ட்னர் குழுவின் இன்னொரு படம் நூறு வருடம் கழித்து மாட்டிக்கொண்டது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில், பாறைகளுக்கிடையே கல் அடுக்கிய மறைவில் ஒரு தெற்கத்திய வீரன் செத்துக் கிடக்கும் படம் மிகப் பிரபலம். பக்கத்தில் துப்பாக்கி சாய்த்து வைத்திருக்கும். 1960களிலும் 70களிலும் ஆய்வாளர்கள் எல்லாத் தகடுகளையும் ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டபோது, அதே உடல் சற்றுத் தள்ளிச் சரிவில் கிடக்கும் படங்களும் இருப்பது தெரிந்தது. உடலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாறை மறைவில் கிடத்தி மறுபடி எடுத்திருக்கிறார்கள். வில்லியம் ஃப்ராசனிட்டோ 1975இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவினார். தனிப் படமாக மட்டும் வைத்திருந்தால் இது வெளிவந்திராது. ஒரே இடத்தை வேறு வேறு கோணத்தில் காட்டும் அட்டைகளைச் சேர்த்து வைத்தால்தான் இப்படியான புரட்டு பிடிபடும்.

அட்டையின் வயதைச் சொல்ல அட்டையே போதும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை புகைப்படங்களுக்கு வரி போட்டது. விற்பவர் அட்டையின் பின்னால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் தன் பெயரெழுத்தும் தேதியும் எழுதி அடிக்க வேண்டும். 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், அதற்கு மேல் 50 வரை 3 சென்ட். பின்னால் 10 சென்டுக்குள் உள்ளவற்றுக்கு 1 சென்ட் ஆக்கினார்கள். புகைப்படத்துக்கெனத் தனி ஸ்டாம்ப் அச்சிடவில்லை. சீட்டுக்கட்டுக்கு அச்சிட்டதைக்கூட ஒட்டியிருப்பார்கள். ஆக, ஸ்டாம்ப் ஒன்று இருந்தால் அந்த அட்டை விற்ற காலம் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும். விலை என்ன என்றும் தெரியும். கையெழுத்துத் தேதி படிக்க முடிந்தால் நாளே கிடைக்கும். அந்தக் கையெழுத்தை வெறும் கிறுக்கல் என்று நினைத்து ஸ்டாம்ப்பைப் பிய்த்து எடுத்த தபால்தலைச் சேகரிப்பாளர்களால் இந்தத் துறைக்கு வந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

மூலைகளையும் பாருங்கள். கூர்மூலை என்றால் பெரும்பாலும் 1868க்கு முந்தியது. அதன்பின் மூலைகள் உருண்டன. வெளிர் மஞ்சள் அல்லது சாம்பல் நிற மெல்லிய அட்டை மூத்தது, பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் அடுத்தது. 1880ஐ ஒட்டி அட்டையையே லேசாக வளைத்து ஒட்டத் தொடங்கினார்கள். அந்த வளைவை அட்டைக்கு வந்த கேடு என்று நினைத்துக் கனமான புத்தகத்தின் கீழ் வைத்து அழுத்துபவர்கள் உண்டு. படத்தின் மேற்பூச்சு விரிசல் விட்டு, கிடைத்த அட்டையும் போய்விடும்.

வாங்கும்போது ஏமாற்றும் வகைகள் சில. ஒரே பிரின்ட்டை இரண்டு தடவை ஒட்டியிருந்தால் ஆழமே வராது. கருவி கையில் இல்லையென்றால், முன்னால் உள்ள கம்பத்துக்கும் பின்னால் உள்ள ஜன்னலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரண்டு படத்திலும் அளந்து பார்த்தால் போதும். சமமாக இருந்தால் போலி. இன்னொருவர் அட்டையைப் படம் பிடித்து விற்ற திருட்டுப் பிரதிகள் அந்தக் காலத்திலேயே தாராளம். கருப்பு வெள்ளை தூக்கலாக, இலைகள் குழம்பிக் கிடக்கும். 1900க்குப் பிறகு வந்த வண்ண அச்சு அட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றை நூறு நூறாகக் கட்டி மலிவாக விற்றார்கள், இன்றும் மதிப்பு அவ்வளவுதான்.

அந்த மலிவு விற்பனைக் காலத்தின் வியாபாரமே வேறு. கன்சாஸ் மாநிலத்தின் ஒட்டாவா என்ற சிற்றூரில் 1880களின் தொடக்கத்தில் எல்மர், பெர்ட் அண்டர்வுட் சகோதரர்கள் கடை போட்டார்கள். விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவர்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். 1901 வாக்கில் நாளொன்றுக்கு 25,000 அட்டை. பென்சில்வேனியாவின் மெட்வில்லில் 1892இல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம் பல போட்டியாளர்களின் நெகட்டிவ்களை வாங்கிப் பள்ளிக்கூடங்களைப் பிடித்தது. இந்த அட்டைகளின் பின்பக்கத்தில் வரும் பாடக்குறிப்புகளையும், கறுப்பின மக்களை வைத்து எடுத்த ‘வேடிக்கை’ வரிசைகளையும் இன்று படிக்கக் கூசும். பருத்தி வயலில் சிரித்தபடி நிற்கவைத்தவர் யார் என்று கேட்காமல் அவற்றைப் பார்க்க முடியாது. சிலர் இவற்றை வாங்குவதே இல்லை. வாங்கி, பின்பக்கக் குறிப்போடு சேர்த்தே வைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு நாடு தன் வரவேற்பறையில் எதைப் பார்த்துச் சிரித்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

பிறகு சினிமா வந்தது, வானொலி வந்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வியூ மாஸ்டர், நம்மூர்க் குழந்தைகளும் நெம்புகோலைத் தட்டித் தட்டிப் பார்த்த அந்தச் சிவப்புப் பெட்டி, இதே குடும்பத்துப் பேரன். கீஸ்டோனின் இரண்டரை லட்சம் நெகட்டிவ்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராபர்ட் டென்னிஸ் என்ற தனி மனிதர் சேர்த்த தொகுப்பு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமோ கார்ட்னர், வாட்கின்ஸ் அட்டைகளைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுக்கிறது.

அவற்றில் ஒன்றை இறக்கி, இரண்டு படங்களின் மையங்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகாதபடி சிறிதாக்கிக் காகிதத்தில் அச்சிடுங்கள். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் பிடித்து, காகிதத்தைப் பார்க்காமல் அதற்கு அப்பாலுள்ள சுவரைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர விடுங்கள். இரண்டு படம் மூன்றாகும். நடுவிலுள்ளதில் ஆழம் திறக்கும். முதலில் மங்கலாக இருக்கும், அவசரப்பட வேண்டாம். சிலருக்கு மாறுகண் போட்டுத்தான் வரும். அப்படிப் பார்த்தால் இடக்கண்ணுக்கு வலப்படம் போய்விடுவதால் யோசெமிட்டியின் பாறை குழிந்து, முன்னிருக்கும் மரம் அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் அச்சிட்டதை நடுவில் வெட்டி, இடம் வலம் மாற்றி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.